ஒரு சாண் தூரம்

முதலில் இருபது முறை குலுக்குவார். பிறகு காதோரம் வைத்துக் கேட்பார். ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவில் போல உள்ளே குண்டு உருளும் ஓசை வராதது அவருக்கு அன்றாடக் குறை. "கலக்குறதுக்கு ஒரு குண்டுகூடப் போடாம டப்பாவை மூடிட்டான் பாரு" என்று கைகழுவும் தொட்டிக்கு மேலிருக்கும் கண்ணாடியிடம் முறையிடுவார். அதன்பின் அந்தப் பழுப்பு நிற இன்ஹேலரை முகத்துக்கு நேராக, சரியாக ஒரு சாண் தூரத்தில், கை நடுங்காமல் நிறுத்துவார். வாயை அகலத் திறந்து ஓர் அழுத்து. இரண்டு நிமிடம் காயவிட்டு மறுபடி ஓர் அழுத்து. கடைசியில் துளையை மெல்லிய துணியால் துடைத்து, மூடியைப் பொருத்தி, அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். காலை ஆறரைக்கு ஒருமுறை, மாலை ஆறரைக்கு ஒருமுறை. பதினொரு மாதத்தில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அவர் கார்களுக்கு வண்ணம் பூசுகிறவர். ஸ்ப்ரே கன்னைப் பிடித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையில் அவருக்கு வழங்கும் பெயர் 'ரெண்டு கோட்டு'. "எதுவுமே ரெண்டு கோட்டு போனாத்தான் நிக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு. சவரம் இருமுறை, மீசைக்கு மை இருமுறை. விருந்தினராகப் போன வீட்டில் விடைபெற்றுத் தெருவரை வந்தவர், திரும்பிப் போய் இன்னொரு முறை "வரேங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.

எந்தப் பரப்பைக் கண்டாலும் மடக்கிய விரலின் முதுகால் தடவிப் பார்ப்பது அவருடைய மற்றொரு வழக்கம். விரல் நுனியால் தொட்டால் ஈர வண்ணத்தில் ரேகை விழும். விரல் முதுகால் தொட்டால் விழாது. பேருந்துக் கம்பி, வங்கி மேசை, மருத்துவமனைக் கதவு எதுவும் இதற்குத் தப்பாது. தூங்கிக்கொண்டிருந்த மருமகனின் புது வழுக்கையை ஒருநாள் அப்படித் தடவிவிட்டு, "ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு" என்று மகளிடம் சொன்னாராம். சட்டைப்பையில் பேனா இருக்காது. சிறு டார்ச் இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால்தான் பூச்சின் குறை கண்ணுக்குத் தெரியும் என்பார்.

சென்ற ஆண்டு அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. நெஞ்சுநோய்ப் பிரிவின் மருத்துவர் ஊதச் சொல்லி அளந்து பார்த்து, ஆஸ்துமா என்றார். வண்ணப்புகை படும் வேலையை விடச் சொன்னார். இவர் குறைத்துக்கொள்வதாக வாக்களித்தார். இரண்டு இன்ஹேலர்கள் தரப்பட்டன. நீலம், மூச்சு திணறும்போது மட்டும். பழுப்பு, மூச்சு நன்றாக இருந்தாலும் நாள்தோறும் இருவேளை. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்காமல் அது முன்கூட்டியே காக்கும்; எடுத்த உடனே எதுவும் தெரியாது; தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர் விளக்கினார்.

இவருக்கா விளங்காது? "புரிஞ்சுது டாக்டர். இது ப்ரைமர், அடிப்பூச்சு. வெளிய தெரியாது, ஆனா அடிக்காம விட்டா துரு ஏறிடும்" என்றார். மருத்துவர் எழுந்து கைகுலுக்காத குறைதான். இத்தனை தெளிவாகப் புரிந்துகொண்ட நோயாளியை அவர் கண்டதில்லை.

மருந்து கொடுக்கும் சாளரத்தில் இருந்தவர், "எப்படி எடுக்கணும்னு காட்டித் தரேன், பாருங்க" என்று தொடங்கினார். இவருக்குச் சுருக்கென்றது. "தம்பி, முப்பத்திரண்டு வருஷமா ஸ்ப்ரே அடிக்கிறேன். எனக்கே சொல்லித் தரீங்களா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாளரத்துக்காரரும் சிரித்துவிட்டு, அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. அதன்பின் யாரும் கேட்கவில்லை.

மாதாமாதம் நெஞ்சுநோய்ப் பிரிவின் நீண்ட பெஞ்சில் அவர் அமர்ந்தால், அங்கே ஒரு வகுப்பே நடக்கும். மூச்சு சரியானதும் மருந்தை நிறுத்திவிட்டதாகச் சொன்ன தபால்காரரை அவர் விட்டதில்லை. "வெயில் அடிக்குதுன்னு கூரையைப் பிரிப்பீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தார். பழகிப்போய்விடும் என்று பயந்த ஓர் அம்மாளிடம், "பல் தேய்க்கிறது பழகிப்போச்சு, அதனால விட்டுட்டீங்களா?" என்றார். அறிவுரை ஒவ்வொன்றும் பிழையற்றது. சொன்னவருடைய மூச்சுதான் மாதத்துக்கு மாதம் குறுகிக்கொண்டே போனது.

ஊதும் கருவியின் முள் ஒவ்வொரு முறையும் கீழே நின்றது. "தவறாம எடுக்கிறீங்களா?" என்பார் மருத்துவர். "ஒரு வேளை தப்பல டாக்டர்" என்பார் இவர். உண்மையான கேள்வி, உண்மையான பதில். மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கினார். அதுவும் பலிக்காமல் போகவே, இந்த மருந்துக்கு இவர் உடல் இணங்கவில்லை என்று சீட்டில் எழுதினார்.

மருந்து வேறு வகையில் தன் இருப்பைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. குரல் கரகரத்தது. நாக்கில் வெள்ளை படிந்தது. பட்டறையில் அவரோடு இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் டிங்கர், நசுங்கிய தகட்டை நிமிர்த்துகிறவர், ஒருநாள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதைக் கண்டுவிட்டார். "என்னடா கோட்டு, நாக்குக்கு ப்ரைமர் அடிச்சு வெச்சிருக்க? எப்ப கலர் அடிக்கப் போற?"

"உன் வாய்க்கு முதல்ல பட்டி பாக்கணும்டா" என்றார் இவர்.

வீட்டிலோ மனைவிக்கு வேறொரு சலிப்பு. காலையில் குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்தால், மை பூசிய கருமீசையில் நுண்ணிய வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். "பல்லைத் தேச்சா வாயை ஒழுங்காக் கழுவ மாட்டீங்களா? பேரன் பொறந்தாச்சு, இன்னும் நான் தொடச்சு விடணும்" என்று முனகியபடி, ஆணியில் தொங்கும் துண்டை எடுத்து மீசையை அழுத்தித் துடைப்பாள். அவரும் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைபோல முகத்தை நீட்டுவார். பதினொரு மாதம், காலையும் மாலையும்; பல் தேய்ப்பதும் அவருக்கு ரெண்டு கோட்டு என்றே அவள் நினைத்தாள்.

போன மாதம் ஒரு பிற்பகல். அன்று அவர் கன்னைத் தொடவே இல்லை. ஒரு காரின் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று குந்தி உட்கார்ந்தார். தோள்கள் காதுவரை ஏறின. சட்டைப்பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்து, அந்த நிலையிலும் ஒரு சாண் அளந்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். உதடு வெளிறிக்கொண்டே வந்தது. டிங்கர் சுத்தியலைப் போட்டுவிட்டு, பழுதுபார்க்க வந்திருந்த யாரோ ஒருவருடைய காரிலேயே அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார்.

முகக்கவசம் வழியாக மருந்துப்புகை ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து அவரால் முழு வாக்கியம் பேச முடிந்தது. பணியிலிருந்த மருத்துவர் சீட்டைப் புரட்டினார். "இவ்வளவு மருந்துக்கும் கேக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும். இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது" என்று டிங்கரிடம் தணிந்த குரலில் சொன்னார். கட்டிலில் கிடந்தவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

மருத்துவர் நகர்ந்ததும், நரை கலந்த தலையுடைய செவிலியர் ஒருவர் கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "ஐயா, வீட்ல எப்படி எடுக்கிறீங்களோ அப்படியே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க."

"சிஸ்டர், நான் ஸ்ப்ரே பெயிண்டர்."

"யார் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான் சிஸ்டர்" என்றார் டிங்கர்.

"சொல்ல வேணாம். செஞ்சு காட்டட்டும். பதினஞ்சு வருஷமா பாக்கறேன், ஆளுக்கு ஒரு விதம். ஒருத்தர் செண்ட் மாதிரி கழுத்துல அடிச்சுக்கிட்டார். ஒருத்தர் மூடியே கழட்டல. நீங்க காட்டுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். செவிலியர் கொடுத்த பழுப்பு இன்ஹேலரை இருபது முறை குலுக்கினார். செவிலியர் தலையசைத்தார். பின் கை நீண்டு ஒரு சாணில் நின்றது. செவிலியரின் தலையசைப்பும் நின்றது. அவர் நோயாளியின் சட்டைப்பையிலிருந்த டார்ச்சை எடுத்து ஏற்றி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். இவர் அழுத்தினார்.

சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. வெண்புகை உதட்டில் மோதிச் சிதறியது, மீசைமேல் படர்ந்தது, வாய்க்குள் போன சிறு பங்கும் அங்கேயே சுழன்றுவிட்டு, வந்த வழியே மெல்ல வெளியேறி வெளிச்சத்தில் மிதந்தது.

வண்டியில் படாமல் காற்றில் அலையும் புகையைப்பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பட்டறையிலேயே குறைவாகச் சிதறவிடும் கை தன் கைதான் என்று பெருமைப்பட்டவர் அவர்.

"உள்ள போகலையே" என்றார்.

"போகல ஐயா."

"நீலமும் இப்படித்தான் அடிச்சேன். அது கேட்டுச்சே சிஸ்டர்."

"அடிச்சிட்டு உக்காந்திருப்பீங்க. உக்காந்ததுல தானா அடங்கியிருக்கும். இன்னைக்கு அடங்கல."

நாக்குக்கு ப்ரைமர் என்று தான் சொன்னது டிங்கருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் தூரத்தைத் திருத்தினால் போதும். செவிலியர் இன்ஹேலரை அவர் உதடுகளுக்கிடையே பொருத்தி, "அழுத்தும்போதே மெதுவா உள்ள இழுங்க" என்றார். அவர் இழுக்கத் தொடங்கி, அழுத்தினார். அழுத்திய அதே நொடியில் மூச்சு நின்றது. மூக்கோரம் புகை கசிந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் தன் வலது கைச் சுட்டுவிரலையே வெறித்துப் பார்த்தார்.

"விரல் அமுங்கினா மூச்சு தானா நின்னுடுது சிஸ்டர். நான் நிறுத்தல."

பிறகு அவராகவே காரணத்தைக் கண்டார். முகமூடி ஏதும் இல்லாத காலத்தில் வேலை பழகியவர் அவர். முதல் நாளே தலையில் குட்டி அவருடைய வாத்தியார் சொல்லித் தந்த பாடம் ஒன்றுதான்: "கன் மூச்சு விடுறப்ப நீ மூச்சு விடாதே." முப்பத்திரண்டு ஆண்டுகள், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை, விரல் அழுந்தியபோதெல்லாம் தொண்டை தாழிட்டுக்கொண்டது. நஞ்சு நுழையாதிருக்கப் பூட்டிய கதவு, மருந்து வந்து தட்டியபோதும் அதே விசுவாசத்தோடு பூட்டிக்கொண்டது.

செவிலியர் அலமாரியிலிருந்து, இரு பக்கமும் துளையுள்ள ஒரு ப்ளாஸ்டிக் குடுவையைக் கொண்டுவந்தார். ஒரு முனையில் இன்ஹேலர், மறுமுனையில் வாய். "மருந்து இதுக்குள்ள நிக்கும். அழுத்துங்க. உங்க பழக்கப்படி மூச்சு நின்னா நிக்கட்டும். அப்புறம் கையை எடுத்துட்டு, நிதானமா இழுங்க. முடிஞ்சதும் வாய் கொப்பளிக்கணும், அப்பத்தான் நாக்கு வெளுக்காது."

"இது குழந்தைங்களுக்குக் குடுக்கிறதுல்ல?"

"ஆமா. அதுங்க அடம் பிடிக்காம வாங்கிக்கும்."

அவர் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை டிங்கர்தான் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி நின்றபடியே கேட்டாள். ஒரு சாண் தூரம் என்றபோது அவளுக்குப் புரியவில்லை. மீசைமேல் படர்ந்தது என்றபோது புரிந்தது. ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். "அது பல்பொடி இல்லையா?" என்று கேட்டாள். "நான்தாங்க தொடச்சேன். ரெண்டு வேளையும் நானே தொடச்சுப் போட்டேனே" என்று சொல்லிக்கொண்டே, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெண்டு கோட்டு இப்போது கன்னைத் தொடுவதில்லை. வண்ணம் அடிக்கும் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்து, எந்த நிறத்தோடு எதைக் கலக்க வேண்டும் என்று சைகையால் சொல்கிறார். உள்ளே ஒருவர் கன்னை அழுத்தும்போதெல்லாம் வெளியே இவர் நெஞ்சு ஒரு கணம் நிற்பதை டிங்கர் கவனித்திருக்கிறார். "விடுடா மூச்சை" என்று தகட்டைத் தட்டியபடியே அதட்டுவார். விடுவார். மருத்துவமனை பெஞ்சில் பழைய பிரசங்கம் இல்லை. பக்கத்தில் அமர்பவரிடம், "ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க, பாப்போம்" என்று மட்டும் கேட்கிறார்.

காலை ஆறரைக்குக் குளியலறைக் கதவு திறந்தே இருக்கிறது. இருபது முறை குலுக்கல். குடுவை. ஓர் அழுத்து. மூச்சு நிற்கிறது, வாசலில் நிற்கும் மனைவியின் மூச்சும் நிற்கிறது. பிறகு அவர் மெதுவாக, நீளமாக இழுக்கிறார். மறுபடி ஒருமுறை. வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்புகிறார்.

அவள் கை பழக்கத்தில் ஆணிப்பக்கம் போய்த் துண்டை எடுத்துவிடுகிறது. எடுத்தவள் அப்படியே நிற்கிறாள். அவர் டார்ச்சை ஏற்றித் தன் முகத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் குனிகிறார். அவள் விரலை மடக்கி, அதன் முதுகால் அந்தக் கருமீசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவுகிறாள். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். இன்னொரு முறை தடவுகிறாள்.

பிறகு துண்டை ஆணியில் மாட்டுகிறாள்.