ஐம்பது வருஷத்துக்கு ஒரு சைக்கிள்

எலும்பு டாக்டர் என் வலது முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தினமும் அரைமணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். தொடைச் சதை உரம் பிடித்தால் முழங்கால் பிழைத்துக்கொள்ளும், இப்படியே விட்டால் அடுத்த வருஷம் ஆப்பரேஷனைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கும் என்றார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பிழைப்பு. ஆப்பரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். வெளியே வந்த கையோடு வண்ணார்பேட்டை சைக்கிள் கடைக்குப் போவது, கண்ணில் படுகிற முதல் லேடீஸ் சைக்கிளை வாங்குவது.

முடிவில் குறை ஒன்றும் இல்லை. கூட என் வீட்டுக்காரர் இருந்தார், அவ்வளவுதான்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று கடையில் விலை விசாரிக்காமல் கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கமாட்டார். அதோடு அவர் பிறந்தது, ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிறைய வயல் வைத்திருந்த குடும்பம். வயல் எல்லாம் போய்விட்டது. வாங்குகிற பொருள் நம்மைத் தாண்டியும் இருக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கும். எந்தப் பொத்தானை அமுக்குகிறோம் என்று தெரியாது, ஆனால் பொத்தான் புதுசாக இருக்கும். சோபா கடையிலிருந்து வந்தபோது போட்டிருந்த பிளாஸ்டிக்கை இன்றுவரை கழற்றவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சோபாவும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து வரும்.

கடை அண்ணாச்சி ஒரு நீல நிறச் சைக்கிளை எடுத்து நிறுத்தினார். நான் ஆசையாகச் சீட்டைத் தொட்டேன். என் வீட்டுக்காரர் குனிந்து, தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஃபிரேமைத் தட்டிப் பார்த்தார். இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டார். அண்ணாச்சி பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷம்.

"பத்துதானா?" என்று கேட்டுவிட்டு இவர் கடையை விட்டு இறங்கினார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தேன். அது சித்திரை மாதம்.

மறுநாளிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. சைக்கிளுக்கு உயிர் அதன் ஃபிரேம்தான், சக்கரம் செயின் எல்லாம் வரும் போகும், ஃபிரேம் போனால் சைக்கிள் போயிற்று என்று கண்டுபிடித்தார். ஆகவே ஃபிரேம் எந்த உலோகத்தில் இருக்கவேண்டும் என்பது முதலில் முடிவாக வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், அதனால் அலுமினியம் என்று ஆரம்பித்தார். வாசலில் நின்று பால்காரரிடம்கூட அலுமினியத்தின் பெருமையைப் பேசினார். இரண்டு வாரம் கழித்து, நான் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது முகம் வாடிப்போய் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, அலுமினியம் வேண்டாம். மிதிக்க மிதிக்க அது கொஞ்சம் கொஞ்சமா அலுத்துப் போகுமாம். பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஒருநாள் விட்டுப்போகுமாம்."

அலுத்துப்போகும் உலோகத்துக்காக அவர் அன்றைக்குப் பட்ட வருத்தத்தில் கால்வாசி என் முழங்காலுக்குக் கிடைத்திருந்தால் போதும், நான் பாதி குணமாகியிருப்பேன்.

அடுத்து கார்பன் ஃபைபர். அதற்கு நானே காரணம். என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சர் கடற்கரைக்காரி, உவரிப் பக்கம். அவள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, கேட்டு, அண்டா எல்லாம் அரித்துப் போகும், ஃபைபர் படகு மட்டும் அப்படியே நிற்கும் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னதை நான் வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இருந்தாலும் உப்புக்காற்று என்ற பயம் அவருக்குள் இறங்கிவிட்டது. ஃபைபர், ஃபைபர் என்று கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அதிலும் ஒரு குறை கண்டார்.

"நீ ஓட்டும்போது கீழ விழுந்துட்டேன்னு வையி, ஃபிரேமுல உள்ளுக்குள்ள கீறல் விட்டிரும். வெளிய தெரியவே தெரியாது."

"நான் விழுந்தா எனக்கு என்ன ஆகும்னு பாத்தியளா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, அதையும் பார்க்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

கூடங்குளத்தில் குழாய் வேலைக்கு ஒப்பந்தம் எடுக்கும் என் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். உலகத்திலேயே அழியாதது டைட்டானியம்தான், கடல் தண்ணீரே அதை ஒன்றும் செய்யாது என்று அண்ணன் மனசில் அடுத்த விதையைப் போட்டுவிட்டு, என் கையால் கூட்டாஞ்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போது, சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கும் என்று ஒரு பாட்டிலில் கடல் தண்ணீரும் கொண்டுவந்தார். இவர் ஓர் ஆணியையும் ஓர் அலுமினிய மூடியையும் அந்தத் தண்ணீரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்தார். மீதித் தண்ணீர் பாட்டிலோடு ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தது. அதில் நான் ஒருநாள் காப்பி போட்டுவிட்டேன். வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு விட்ட தம்ளரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான்.

டைட்டானியத்தின் விலையைக் கேட்டதும் கொள்முதல் பிரிவு விழித்துக்கொண்டது. இதற்குள் ஆனித் தேரோட்டம் முடிந்துவிட்டது. தேர் பார்க்க என்னால் நிற்க முடியவில்லை. ரதவீதியில் ஒரு பாத்திரக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் நின்றவர்களின் முதுகுகளைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவரோ தேர்ச் சக்கரத்தின் இரும்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு லேசுப்பட்டதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்படியாக, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். ஆனால் சாதா இரும்பு இல்லை, குரோமோலி. எஃகில் வேறு என்னென்னவோ சேர்த்து உருக்கியது. மெலிசாக இருக்கும், பலமாக இருக்கும், எங்காவது விட்டுப்போனால்கூடப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வருஷம். வண்ணார்பேட்டை அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னார். அலுமினியம் என்று போனபோதும், ஃபைபர் என்று போனபோதும் அதுதான் சரி என்று சொன்ன அந்த நல்ல மனுஷர், இதற்கும் அதுதான் சரி என்றார். நான் உடனே ஆர்டர் கொடுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர்தான், ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யாராவது புதுசு வாங்குவார்களா என்றார்.

ஆவணிக் கடைசியில் சைக்கிள் வந்து இறங்கியது. கரும்பச்சை. அட்டைப்பெட்டிக்குள் குழாய் குழாயாகப் பஞ்சும் பாலித்தீனும் சுற்றி, பார்க்கவே அழகாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையார் கோயிலுக்கு அதை உருட்டிக்கொண்டு போனார். எல்லோரும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இவர் எலுமிச்சைச் சாறு அமிலம் என்று பழத்தை ஓரமாக வைத்துக் கும்பிட்டார். சந்தனம் குங்குமம் எல்லாம் பாலித்தீன் உறையின் மேலேயே வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து நான் உறையைப் பிரிக்கப் போனபோது என் கையைப் பிடித்துவிட்டார். பெயின்ட் கீறக்கூடாது, அப்படியே இருக்கட்டும் என்றார். உறையோடேயே மிதிக்கலாம் என்று பார்த்தால், பெடலுக்கும் உறை.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் பனி ஈரம், வேண்டாம். பத்து மணிக்கு மேல் வெயிலில் பெயின்ட் வெளுக்கும். சாயங்காலம் ஆற்றங்கரைக் காற்றில் ஈரப்பதம். வேறு எந்த நேரத்தில் மிதிப்பது என்று கேட்டால், பைய மிதிக்கலாம், சைக்கிள் எங்கன போயிரும் என்பார். ஐப்பசி மழை வந்தது. வராந்தாவில் சைக்கிளுக்குப் பாலித்தீன் மேல் சாக்கைச் சுற்றி, சாக்கு நழுவாமல் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். என் சைக்கிள் வாழைக்காய் மூட்டை மாதிரி ஓரமாக நின்றது. நான் தினமும் அதைத் தாண்டி ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடம் போனேன்.

கார்த்திகைத் தீபத்தன்று வாசல்படியில் அகல் வைக்கக் குனிந்தேன். வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, உண்மையான பயம். இனிமேல் எழுந்திருக்கவே மாட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவர் ஓடிவந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் கால் மடங்கியது.

மறுநாள் காலையில் பல்லைத் தேய்த்துவிட்டு நேரே வராந்தாவுக்குப் போனேன். குறட்டால் கட்டுக்கம்பியை வெட்டினேன். சாக்கு தண்ணீரில் நனைந்து, கனத்து, நாற்றமெடுத்துப்போயிருந்தது. கத்தரிக்கோலை விட்டுப் பாலித்தீனைக் கிழித்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் என் காலில் ஊற்றியது. செயின் செம்மண் நிறம். கம்பி சாக்கையும் உறையையும் அறுத்துக்கொண்டு உரசிப் பெயின்ட் போன இடமெல்லாம், ஃபிரேமில் குழாய்கள் சேரும் ஒட்டுகளில், துரு பொரிந்து கிடந்தது. வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைக்கிற எதிர்வீட்டுக்காரரின் பழைய சைக்கிள் பளிச்சென்று இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு வாங்கியது ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

அவர் வந்து பார்த்தார். உள்ளே போய் உப்புத்தாளும் துணியும் எண்ணெயும் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் மாதக்கணக்காக அடக்கிவைத்திருந்த கோபம் எனக்கு. விடவில்லை.

"எனக்கு அம்பத்து மூணு வயசாச்சு. அம்பது வருஷம் உழைக்கணும், அம்பது வருஷம் உழைக்கணும்னு சித்திரையில இருந்து அலையுதிய. நம்ம பிள்ளை பெங்களூருல கார்ல போறா, அவ இத ஏறிட்டும் பாக்கமாட்டா. அம்பது வருஷம் கழிச்சு இத யாரு ஓட்டப்போறா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஒட்டில் இருந்த துருவைச் சுரண்டிக்கொண்டே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி சொன்னார்.

"வேற யாரு. நீதான்."

நான் கணக்கு டீச்சர். மனசுக்குள் கூட்டிவிட்டேன். நூறைத் தாண்டியது. அலுமினியம் எப்போது அலுக்கும், ஃபைபர் எப்போது கீறும் என்றெல்லாம் கணக்குப் போட்ட மனுஷன், நான் எத்தனை வருஷம் உழைப்பேன் என்ற கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. அவர் கணக்கில் நான் தீர்கிற பொருளே இல்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

தேய்த்தது போதும், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், சீட்டை உயர்த்துங்கள் என்று மட்டும் சொன்னேன். உயர்த்தினார். வீதியில் இறக்கி, கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலைப் பெடலில் வைத்தேன். பெடல் மேலே வரும்போது முழங்கால் சுருக்கென்று வலித்தது. கொஞ்சம் நின்றுவிட்டு, அழுத்தினேன். கறகறவென்று சத்தம் வந்தது. செயினா முழங்காலா என்று பின்னாலிருந்து கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதித்தேன்.