ஒலிவ் எண்ணெயில் வெந்த மீன்

என் கணவருக்கு வயிற்றில் குழாய் வைக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் நகரத்தின் நடுவில், டவுன்டவுனில், ஒரு ஸ்பானிய உணவகத்துக்குச் சாப்பிடப் போனோம். மூன்றாவது ஆள் எங்கள் மகள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, கதிர் வைத்தியம் செய்து, சுகமாகிப் பல வருடங்கள் ஓடிவிட்டிருந்தன. சுகம் என்று எல்லோருக்கும் சொல்லி, மல்வேர்னில் எங்கள் வீட்டிலேயே ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தோம். ஆனால் கதிர் பட்ட தசைகள் உள்ளே மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வந்திருக்கின்றன. முதலில் இறைச்சி இறங்கவில்லை. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரே புரைக்கேறத் தொடங்கியது. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார், திரும்பவும் போய்க் கிடந்தார். கடைசியில் ஓர் அறையில் இருத்தி, வெள்ளைக் களி ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேத் திரையில் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். திரையில் கறுப்புக் கோடு ஒன்று இறங்கி வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு பங்கு சுவாசக் குழாய்க்குள் போனது. அவர் இருமினார். போனது திரும்பி வரவில்லை.

இது இனிச் சரிவராது என்று டாக்டர் சொன்னார். பயிற்சியாலும் வராது, ஒப்பரேஷனாலும் வராது. குழாய் வைத்தபின் வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. மகள் அதைத் தமிழில் மிருதுவாக்கி, கொஞ்ச நாளைக்குத்தான் அப்பா, பிறகு பார்ப்போம் என்கிறார்கள் என்றாள். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக விளங்கும். தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் சாப்பாட்டு மனிதர். நிறையச் சாப்பிடுகிறவர் என்பதல்ல, சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறவர். பார்சல் வான் ஓட்டிய காலத்தில் நகரம் முழுக்கக் கண்ட கண்ட இடத்தில் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிடுவார். வெக்ஸ்போர்ட்டில் லெபனான்காரர் கடையில் ஆட்டிறைச்சிக்கு என்ன போட்டிருந்தார்கள், சூப்பில் முதலில் எது நாக்கில் படுகிறது, பிறகு எது வருகிறது, எல்லாம் சொல்வார். கேட்கிற எனக்கு வாய் ஊறும். நான் அப்படி இல்லை. எனக்குச் சாப்பாடு நல்லது, பரவாயில்லை, சரியில்லை, அவ்வளவுதான். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வருகிறவளுக்குப் பசி தீர்ந்தால் போதும்.

விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் நல்ல பிள்ளை. குழாய் வைக்கும் வரைக்கும் அவருக்கு விருப்பமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், ஆபத்து இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள் என்றாள். காய்ந்த சாப்பாடு வேண்டாம், எண்ணெய்ப் பிடிப்போடு மெதுவாக வழுக்கி இறங்குவது நல்லது என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் மகளுக்கு அந்த உணவகம் ஞாபகம் வந்திருக்கிறது. வேலையிடத்து ஆட்களோடு ஒருமுறை போயிருக்கிறாள். எல்லாமே ஒலிவ் எண்ணெயில் சமைப்பார்களாம். மீனைக் கொதிக்க விடாமல் எண்ணெயில் மெல்லிய சூட்டில் வேகவைப்பார்களாம், சப்பவே தேவையில்லையாம்.

அவர் சிரித்தார். "ஒலிவ் எண்ணெய் காதுக்கு விடுறதெல்லோ," என்றார். அவருடைய குரல் அப்போதே கரகரத்து, பாதி சொல் மூக்கால் வரும். ஆனாலும் போவோம் என்றார். சனிக்கிழமை காலையிலேயே சவரம் செய்து, சேட்டு மாற்றிக்கொண்டு, யன்னலருகில் கதிரையில் இருந்தார். சேட்டுக் கழுத்துக்குள் என் கை முழுவதும் போகும்படி மெலிந்திருந்தார். பிக்கரிங்கில் தன் வீட்டிலிருந்து மகள் வந்து ஏற்றிக்கொண்டு போனாள். மழையும் பனியும் கலந்து கொட்டியது. கார் நிற்பாட்ட இடம் தேடி அந்தத் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

உள்ளே போனதுமே எண்ணெயும் உள்ளிப்பூண்டும் மணத்தன. மகள் முன்கூட்டியே தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள் போல. எங்களை மூலை மேசையில் இருத்தினார்கள். பரிமாற வந்தவர் கண்ணாடி போட்ட நடுத்தர வயது மனிதர். சாப்பாட்டு அட்டையை என் கணவருக்கு முன்னால் விரித்து, எது மிருதுவானது, எதில் முள் இல்லை, எதை இன்னும் அரைத்துத் தரலாம் என்று நிதானமாகச் சொன்னார். பரிதாபப்படுகிற முகம் காட்டவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

முதலில் மூன்று சின்னத் தட்டுகளில் மூன்று விதமான எண்ணெய் வந்தது, தொட்டுச் சாப்பிடப் பாணும் வந்தது. பாணை நான் எடுத்து என் பக்கம் வைத்தேன். அவர் ஒரு தட்டைத் தூக்கி மூக்கடியில் பிடித்தார். பச்சை நிறமான எண்ணெய் அது. நெடுநேரம் பிடித்திருந்தார்.

"புல்லு வெட்டின உடனை வாற மணம்," என்றார். "தக்காளி இலையைக் கசக்கினாலும் உப்பிடித்தான்."

மகள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்திருந்தது. எனக்குள் அப்போது ஒரு நினைப்பு ஓடியது. டாக்டர்மார் பிழையாகவும் சொல்வார்கள்தானே, இங்கே நன்றாகச் சாப்பிட்டுவிட்டாரென்றால் திங்கட்கிழமை போன் பண்ணிக் குழாயைத் தள்ளிப்போடச் சொல்லலாமே என்று நினைத்தேன்.

தக்காளியும் பாணும் எண்ணெயும் சேர்த்து அரைத்த குளிர்ந்த சூப் வந்தது. களி மாதிரித் தடிப்பு. பயிற்சியில் பழக்கியபடி நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து ஒரு கரண்டி எடுத்தார், விழுங்கினார், திரும்பவும் வெறும் வாயால் விழுங்கினார். இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். குளிராக இருக்கிறது என்றார். வேறு? வேறொன்றும் தெரியவில்லை, வழுவழுவென்று இருக்கிறது என்றார். கதிர் வைத்தியத்தில் நாக்கின் ருசியும் போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மணம் தெரிந்ததால் ருசியும் வந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தோம்.

பிறகு மீன். வெள்ளை மீன் துண்டு, அதன்மேல் எண்ணெயே இறுகிக் குழம்பு மாதிரி. முள்கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது. நான் இன்னும் மசித்துக் கொடுத்தேன். முதல் வாய் போனது. இரண்டாவது வாயில் கை நின்றது. கண் பெருத்தது. பிறகு இருமல்.

அந்த இருமலை வீட்டில் கேட்டுப் பழகியிருந்தேன். வெளியில் அன்றுதான் முதல்தடவை. அடி வயிற்றிலிருந்து வந்து, நிற்காமல், முகம் கறுத்து, மூக்காலும் வாயாலும் எண்ணெய் வழிந்தது. நான் முதுகைத் தடவினேன். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடிக்காரர் ஓடி வந்து அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார். என் கணவர் கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். மெல்ல மெல்ல அடங்கியது. மகள், "ஐ கான்ட், அம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வோஷ்ரூம் பக்கம் போனாள். நான் அவர் முகத்தைத் துடைத்தேன். சேட்டையும் துடைத்தேன். எண்ணெய் என்பதால் கறை போகவில்லை.

வீட்டுக்குப் போவோம் என்றேன். அவர் மீன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீர் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்கு வேண்டாம் என்றேன். வீணாக்க வேண்டாம், சாப்பிடும் என்றார். அவருக்காக ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாயிருக்கிறது என்றேன்.

"நல்லாயிருக்கு எண்டால் எனக்கு ஒண்டும் விளங்காது. சரியாச் சொல்லும்."

கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த துண்டை மெதுவாகச் சாப்பிட்டேன். மீன் கரைகிறது என்றேன். உப்பு அளவாக இருக்கிறது. எண்ணெய் முதலில் ஒன்றும் செய்யவில்லை, பிறகு கொஞ்சம் கசக்கிறது, விழுங்கின பிறகு தொண்டையில் சின்னக் காரம் ஒன்று பிடிக்கிறது.

"என்ன காரம்? மிளகோ, பச்சை மிளகாயோ?"

யோசித்தேன். மிளகு மாதிரியும் இல்லை, மிளகாய் மாதிரியும் இல்லை. இஞ்சியும் இல்லை. அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு துண்டு சாப்பிட்டேன். எவ்வளவு சாப்பிட்டாலும் எனக்குச் சொல் வரவில்லை. அவராக இருந்திருந்தால் அரை மணித்தியாலம் சொல்லியிருப்பார்.

"எனக்கு அதுக்கு மேலை சொல்லத் தெரியேல்லையப்பா," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் ஒன்றும் இல்லை. "சரி, விடும்," என்றார்.

மகள் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து கணக்கைத் தீர்த்தாள். வெளியே வரும்போது கண்ணாடிக்காரர் என் கணவருடைய கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்டு, சுகமாகி இன்னொரு நாளைக்கு வரவேண்டும் என்றார். அவர் நன்றி சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்தச் சாப்பாட்டால்தான் வந்ததா என்று கேட்டேன். அதுவாகவும் இருக்கலாம், அவருடைய எச்சில் நெஞ்சுக்குள் இறங்கியதாலும் இருக்கலாம் என்றார்கள். குறித்த நாளில் குழாய் வைக்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு வைத்தார்கள்.

இப்போது பால் மாதிரி ஒரு திரவம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வருகிறது. கம்பத்தில் தொங்கவிட்டு, குழாயைக் கழுவி, மருந்தை அரைத்துக் கரைத்து ஊற்ற எனக்குப் பழகிவிட்டது. தொடக்கத்தில் அவர் போனில் சமையல் வீடியோக்கள் பார்ப்பார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, கை வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அதையும் நிறுத்திவிட்டார். கூட்டாளிமார் முன்பு கிழமைக்குக் கிழமை போன் எடுத்துக் கதைத்தவர்கள்தான். அவர் பேசுவது அவர்களுக்கு விளங்குவதில்லை, கதைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது எடுப்பதில்லை.

மணம் அவருக்கு அடிக்கும் என்று நான் கறி வைப்பதை விட்டேன். வைத்தால் எனக்கொன்றும் இல்லை, வையும் என்று அவர் சொன்னார். ஒரு நாள் நண்டு வாங்கி வைத்தேன். அவர் எழுந்து மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் நான் வேலையிடத்தில் இடைவேளையில் சாப்பிடுவதோடு சரி. வீட்டில் பாணுக்குப் பட்டர் பூசி, குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

போன மாதம் அவருக்குப் பிறந்தநாள் வந்தது. சும்மா இருந்துவிட்டு வருவோம் அப்பா, வெளிக்காற்றுப் பட்டால் நல்லது என்று மகள் எங்கேயோ ஓர் உணவகத்தில் மேசை சொல்லி வைத்திருந்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ," என்றார் அவர்.

நாங்களும் போகவில்லை. மகள் போன் பண்ணி மேசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். இருட்டுவதற்கு முன் பிக்கரிங்குக்குத் திரும்பிப் போய்விட்டாள்.