வாங்க என்றால் கத்தரிக்காய்

மராத்தியில் கத்தரிக்காயை 'வாங்க' என்பார்கள். இந்த ஒரு சங்கதி தெரியாமலேயே என் அம்மா புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் ஆறு மாதம் குடித்தனம் நடத்திவிட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதைத்தான் பிள்ளைகளே, உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை கிடைத்து, விருதுநகர்ப் பக்கமிருந்து நாங்கள் புனேக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. வரிசையாக ஓடு வேய்ந்த குவார்ட்டர்ஸ். எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நான் மாவ்ஷி என்று கூப்பிடுவேன். அங்கே சித்தியை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா அவரைத் 'தாயி' என்பாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. எங்கள் ஊரில் அது பெண்களை வாஞ்சையாகக் கூப்பிடும் சொல். இரண்டு பாஷையிலும் பொருந்திப்போன ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் எனக்குச் சீக்கிரமே மராத்தி ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். கை பாதி பேசும், முகம் மீதி பேசும். மாவு மில் எங்கே, ரேஷன் எந்தக் கிழமை, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எல்லாம் அம்மாவுக்கு மாவ்ஷி காட்டிக் கொடுத்ததுதான். வியாழக்கிழமைதோறும் இருவரும் ஷேர் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்து நிக்டி சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவார்கள். அப்பா டிப்போவுக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால், அந்த ஊரில் அம்மாவுக்கென்று இருந்த ஒரே ஆள் மாவ்ஷிதான்.

மாவ்ஷி குள்ளம். நல்ல கறுப்பு, உருண்டையான உடம்பு. ஊதாப் புடவை என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அவர் எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம், அம்மா முகமெல்லாம் பல்லாக, "வாங்க, வாங்க!" என்பாள். குழாயடியில் பார்த்தாலும் அதே "வாங்க, வாங்க"தான்.

முதலில் மாவ்ஷி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாயடியில் நின்ற மற்ற பெண்கள்தான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு தெருப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மாவ்ஷியின் தலை தெரிந்தால் போதும், "வாங்க! வாங்க!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஓடியவர்களில் நானும் ஒருவன். அதுவரை என்னைக் கோலி ஆடக்கூடச் சேர்க்காதவர்கள் அவர்கள். "எங்கள் ஊரில் அது மரியாதையான வார்த்தை" என்று ஒரே ஒரு தரம் நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் விளையாட்டு நின்றுவிடுமே!

மாவ்ஷி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். குழாயடியில் அம்மாவுக்கு இடம் பிடித்து வைப்பதும் நின்றது. அந்த வியாழக்கிழமை அம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மாவ்ஷி கதவைப் பூட்டினார், எங்கள் பக்கம் திரும்பாமல் தனியாக ஆட்டோ ஏறிப் போனார். அம்மா வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அன்று வெறும் ரசம்தான்.

"நான் என்னங்க பண்ணேன் அவங்களை?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"பேசலைன்னா விடு. நாமளும் பேச வேணாம்" என்று அப்பா ஒரே வரியில் வழக்கைத் தீர்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் பள்ளி. மத்தியானம் தெருவே அடங்கிக் கிடந்த நேரம், கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாவ்ஷி! அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து, "வாங்க, வாங்க!" என்றாள்.

மாவ்ஷியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மராத்தியில் மெதுவாகச் சொன்னார்: "உன் ஆயியைக் கேள். எதற்கு என்னைக் கத்தரிக்காய் என்கிறாள்? நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் சொல்லட்டும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"என்னடா சொல்றாங்க? சிரிக்காமச் சொல்லித் தொலைடா!" என்றாள் அம்மா.

சொன்னேன். அம்மா சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். "ஒனக்கு இது முந்தியே தெரியுமா?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் அவள் என்னைக் கேட்கவில்லை. மாவ்ஷியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது" என்றவள், மாவ்ஷியைப் பார்த்தே பேசினாள். "தாயி, ஒங்க மனசு நொந்துபோச்சு. எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சிருங்க. எங்க ஊருல மதிக்கிறவங்க வந்தா இப்படித்தான் கூப்பிடுவோம்."

நான் மொழிபெயர்த்தேன். மாவ்ஷி நம்பவில்லை. "அப்போ 'வாங்க' என்றால் என்ன?" என்றார்.

"'யா'" என்றேன். மராத்தியில் பெரியவர்களை வாருங்கள் என்று கூப்பிடுவது அப்படித்தான்.

"யா? அவ்வளவுதானா?"

அம்மா சட்டென்று என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டு, விரலைக் காட்டி, "வா" என்றாள். வந்தேன். பிறகு மாவ்ஷி பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டி, "வாங்க" என்றாள். மாவ்ஷி ஒரு நிமிடம் யோசித்தார். என்னைப் பார்த்து, "வா" என்றார். அம்மாவைப் பார்த்து, "வாங்க" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்மா சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் மாவ்ஷி, "வியாழக்கிழமை உன்னை விட்டுவிட்டுப் போனேனே, அது என் தப்பு" என்றார். இனிமேல் குழாயடியில் 'யா', வீட்டுக்குள் 'வாங்க' என்று இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தெருப் பிள்ளைகளிடம் அர்த்தத்தைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். ஒரு வாரம் யாரும் என்னைக் கோலிக்குச் சேர்க்கவில்லை.

மாவ்ஷி போனதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "நீ நல்லதத்தான சொன்ன? நீ எதுக்கு மன்னிப்புக் கேட்ட?"

"ஆமாடா, கேட்டேன். போய்ப் பால் வாங்கிட்டு வா" என்றாள்.

இத்தனை வருஷமாக இதை அம்மாவின் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கத்தரிக்காய் வரும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள், அம்மா மன்னிப்புக் கேட்கும்போது தலையாட்டுவார்கள். ஒன்றை மட்டும் நான் சொல்வதே இல்லை. நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது மாவ்ஷி வாசற்படியிலேயே நின்றிருந்தார். நாங்கள் கேலிதான் செய்கிறோம் என்று அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே நம்பியிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கும் இடமில்லை. குழாயடியில் நின்று நாலு பேர் முன்னால் அம்மாவைக் கிழித்திருக்கலாம். என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அவர் நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அதே கேள்வியை, அதே குரலில், இன்னொரு தரம் கேட்டார்.

எனக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று மாவ்ஷி நினைத்துவிட்டார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.