கொள்ளுத்தாத்தாவை ரயில் கொன்ற கதை

எங்கள் வீட்டில் யாரும் ரயிலில் ஏறக்கூடாது. நைனாவுக்கு முன்னால் அவருடைய நைனாவும் இதையே சொல்லிவந்தாராம். காரணம் ஒன்றுதான். விக்டோரியா ராணி காலத்தில் மணவூர் பக்கம் ஒரு ரயில் கவிழ்ந்தது, அதில் என் கொள்ளுத்தாத்தா செத்துப்போனார்.

திருத்தணி ஸ்டேஷன் எங்கள் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரம். கிருத்திகைக்கு வருகிற கூட்டம் அங்கேதான் இறங்கி மலையேறும். எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் ரயிலில் வர, பக்கத்திலேயே குடியிருந்த நாங்கள் எந்த ஊருக்கும் மாட்டு வண்டியில்தான் போனோம். அம்மாவின் அக்கா மகனுக்குப் பட்டணத்தில் கல்யாணம் என்று வண்டி கட்டிப் போனபோது, தாலி கட்டிப் பந்தியும் முடிந்து, வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த வீட்டில் இருந்தபோது ரயிலில் போய் வந்தவள். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

நைனா விபத்துக் கதையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். கேட்கிற ஆளைப் பார்த்துக் கதை மாறும். சாதாரண ஆள் வந்தால், கொள்ளுத்தாத்தா கவிழ்ந்த பெட்டியிலிருந்து குழந்தைகளைத் தூக்கித் தூக்கி வெளியே விட்டுக் கடைசியில் தான் மாட்டிக்கொண்டார். வசதியான ஆள் வந்தால், வெள்ளைக்காரத் துரைக்கு எதிர் சீட்டில் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் இருக்கும் அம்மா, "போன மாசம் மூணாங் கிளாஸ்ல இருந்தாரு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. தரகர் கெட்டிக்காரர். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் உத்தியோகம், இரும்பு சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார். நைனா இரும்புக்கடை என்று நினைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உள்ளே நுழையும்போது நிலையில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே நிலையைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

எல்லாம் நல்லபடியாகப் போய், நைனா தாம்பூலத் தட்டை நீட்டியபடி, கடை எந்தத் தெருவில் என்று கேட்டார்.

"கடை இல்லீங்க. ரயில்வே ஷெட்டுல ஃபிட்டருங்க. இன்ஜின் ரிப்பேர் பாக்கறேன்."

நீட்டிய தட்டு பாதியிலேயே நின்றது. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, மரியாதை குறையாமல் வழியனுப்பிவிட்டு, எங்கள் வம்சத்தைக் கொன்ற இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு என் பெண்ணைக் கொடுப்பதா என்று நைனா கேட்டார். அந்த இன்ஜின் இந்நேரம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும் என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

நான் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்படியெல்லாம் செய்யவில்லை. நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தபடி, உங்க தாத்தா அன்றைக்கு எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று விசாரித்தாள். நைனா யோசித்தார். மணவூர் அவருடைய மாமியார் ஊர், அங்கே போயிருந்தார் என்றார். அது சரி, ரயிலேறி எங்கே போனார் என்று அம்மா விடாமல் கேட்டாள். அதெல்லாம் அந்தக் காலத்து விஷயம், உனக்கு எதற்கு என்று நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என்னைப் பெற்றவள் கண்ணடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த அமாவாசைக்கு, திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற வேண்டுதல் ஒன்று அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின. கரி பஸ்ஸில் போய்விட்டு வருகிறோம் என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

பெட்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். ஒருவர் எழுந்து ஜன்னலோர இடத்தை அம்மாவுக்குக் கொடுத்தார். கண்ணில் கரித்தூள் விழுந்து தண்ணீர் கொட்டியபோதும் அவள் தலையை உள்ளே இழுக்கவில்லை. அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். நான் பிளாட்பாரத்தில் ஷெட் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்து சுளுக்கிக்கப் போவுது. முதல்ல செத்தவரப் பாப்போம், அப்புறம் இருக்கிறவரப் பாக்கலாம்" என்றாள் அம்மா.

மணவூர் ஸ்டேஷன் மாஸ்டர் தெற்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு வயதான பாயின் பொரிகடலைக் கடை இருந்தது, அங்கே கேளுங்கள் என்று கைகாட்டினார். அம்மா பொரி வாங்கிக்கொண்டே, அந்தக் காலத்தில் இங்கே ஒரு ரயில் கவிழ்ந்ததாமே என்று பேச்சைத் தொடங்கினாள்.

பாய் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ரயில் கவிழ்ந்ததால்தான் இந்தக் கடையே வந்தது என்றார். பெரிய மழையில் ஏரி உடைத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை அரித்துவிட்டதாம். மெதுவாக வந்த வண்டியின் இன்ஜின் அப்படியே சேற்றில் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஒருவருக்கும் அடியில்லை. வெள்ளைக்கார டிரைவர் கரையில் உட்கார்ந்து முட்டை உரித்துச் சாப்பிட்டார். படுத்த இன்ஜினைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வந்தது. பாயின் அத்தா ஒரு கூடைப் பொரியோடு போய், வெறுங்கூடையோடு திரும்பி, மறுவாரமே கடை போட்டார்.

"ஒருத்தருக்கும் அடியில்லியா?" என்றாள் அம்மா.

"ரயில்ல வந்தவங்களுக்கு இல்லீங்கம்மா. வேடிக்கை பாக்க வந்தவரு ஒருத்தருதான் போய்ட்டாரு. திருத்தணிப் பக்கத்து ஆளு. மாமியார் வீட்டுக்கு வந்தவரு, அவங்க மாட்டு வண்டியில வந்து எறங்கினாரு. முன்னால ஒரே கூட்டம், ஒண்ணும் தெரியல. வண்டி நுகத்தடி மேல ஏறி நின்னுகினு எட்டிப் பாத்தாரு. அந்நேரம் பாத்து இன்ஜின்ல மிச்சமிருந்த ஆவிய எவனோ தொறந்து வுட்டான். புஸ்ஸுன்னு சத்தம். மாடு மிரண்டு வண்டி குடை சாஞ்சி, இவரு தலைகீழா வுழுந்தாரு. எங்க அத்தாதான் மடியில போட்டுத் தண்ணி குடுத்தாரு. இன்னிக்கும் அந்த இடத்துக்கு எட்டிப்பாத்தான் மேடுன்னுதான் பேரு."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. பாயும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் கழித்துத்தான், அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தாத்தா என்று அம்மா சொன்னதும் பாய்க்கு முகம் செத்துப்போயிற்று. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இன்னும் இரண்டு கை பொரியை அள்ளிப் போட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராங்க பாய்?"

"ஆங், சொன்னாரு. கண்ணு சொருகற நேரத்துல, இன்ஜின் எழுந்துடுச்சான்னு கேட்டாராம்."

அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. மேட்டைப் போய்ப் பார்த்தோம். மேடு என்றால் நாலு வேப்பமரமும் கொஞ்சம் சரளையும்தான். அம்மா அங்கே நின்று, "பாவம், பாக்கத்தானே ஆசைப்பட்டாரு" என்றாள். திருவள்ளூர் குளத்துக்கென்று கொண்டுவந்த வெல்லத்தை அங்கேயே வைத்துக் கும்பிட்டாள். நாங்கள் திரும்புவதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது.

மறுநாள் காலை நைனா வேர்க்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கிளம்பினார். அம்மா மாட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இனிமே இந்த வீட்ல யாரும் மாட்டு வண்டியில ஏறக்கூடாதுங்க."

நைனாவுக்குப் புரியவில்லை. "இன்னா ஆச்சு உனக்கு?"

அம்மா நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். எந்தெந்த வண்டி ஆளைக் கொன்றதோ அதிலெல்லாம் நம் வம்சம் ஏறக்கூடாது என்பது உங்கள் தாத்தா பேரைச் சொல்லிப் போட்ட சட்டம்தானே, அதை இன்றைக்குச் சரியான வண்டிக்கு மாற்றிக்கொள்வோம், மூட்டைகளைத் தலையில் சுமந்து மண்டிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். நைனா நுகத்தடியைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பிறகு, மணவூருக்கு எப்படிப் போனாய் என்று கேட்டார்.

"ரயில்லதான்."

அவர் கத்தப்போகிறார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்:

"எழுந்துடுச்சாமா?"

"எழுந்துடுச்சாம். யானை வெச்சித் தூக்கினாங்களாம்."

யானை அம்மாவின் சொந்தச் சரக்கு. பாய் அதைச் சொல்லவே இல்லை.

கல்யாணத்துக்கு நைனா சம்மதித்தார். ஒரே நிபந்தனை, நுகத்தடி விஷயம் வெளியே போகக்கூடாது. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். அவ்வளவு நல்ல கூட்டம் கிடைத்தால் நைனா சும்மா இருப்பாரா? கொள்ளுத்தாத்தா மறுபடியும் குழந்தைகளைத் தூக்கி வெளியே விட ஆரம்பித்தார். என் மாமனாரின் தம்பி, டிரைவராக இருந்தவர், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அது கூட்ஸா பாசஞ்சரா, இன்ஜின் எந்தப் பக்கமாகச் சாய்ந்தது என்று அக்கறையாகக் கேட்டார். நைனா திருதிருவென்று விழித்தார்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த அம்மா, "பாசஞ்சருங்க, ஏரிப் பக்கமா சாஞ்சிது. கைய நீட்டுங்க, ரசம் ஆறுது" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

நான் புருஷன் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அந்தக் காலத்து இன்ஜினில் ஆவி அப்படித்தான் சீறும், பாவம் என்றார். ஆடி மாதம் நைனா எங்களைப் பார்க்க அரக்கோணம் வந்தார். எதில் வந்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேட்டியெல்லாம் கரித்தூள். என் புருஷன் அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், நின்றிருந்த இன்ஜின் ஒன்றில் ஏற்றிவிட்டார். நைனா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாராம். விசில் சங்கிலியைக் காட்டியதும், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக ஒருதரம் இழுத்தாராம். வீட்டில் நான் காபியோடு காத்திருந்தேன். அது ஆறி, மறுபடி சூடு பண்ணி, மறுபடியும் ஆறிப்போன பிறகு இவர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார்.

"எறங்கமாட்டேன்றாரு. நீ வந்து கூப்பிடு" என்றார்.