இரண்டு எந்திரங்களும் ஒரு பிளாஸ்க்கும்

விக்னேஸ்வரனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. ரொட்டி வாங்கினால் தேதியைப் பார்த்த பிறகும் மோந்து பார்ப்பான். லகாட் ஊரில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தவன், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். ஈப்போ ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூட வேலைக்கு இந்தக் குணம் தோதாகத்தான் இருந்தது.

அங்கே புது எந்திரம் ஒன்று வந்திறங்கியது. ஆஸ்பத்திரியிலேயே தொற்றிக்கொள்ளும் குடல் கிருமி ஒன்றின் மரபணுவை மலத்தில் தேடிப் பிடிப்பது அதன் வேலை. பழையதற்கும் அதே வேலைதான். வாங்குமுன், ஒரே மல மாதிரியை இரண்டிலும் ஓட்டி ஒப்பிட வேண்டும். விற்க வந்த அருண்பிரகாஷ் வாயெல்லாம் பல்லாக நின்றான். அந்தச் சிரிப்பே விக்னேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை.

சுங்காய் ஊரிலிருந்து வந்து படுத்திருந்த சதாசிவத்தின் மாதிரியில் வம்பு வந்தது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் பெரியவருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பழைய எந்திரம் கிருமி இல்லை என்றது, புதியது உண்டு என்றது. மறுபடி ஓட்டினாலும் அதே பிடிவாதம். கிருமி என்றால் தனியறைதான், வெளியே விடமாட்டார்கள். மறுநாள் சித்தியவானில் மகள் சரளாவின் கல்யாணம். சக்கர நாற்காலியில் போய் மகளைத் தாரைவார்த்துவிட்டு வர டாக்டர் சம்மதித்திருந்தார்.

“அந்த எந்திரம் விக்கிற பய ஏதோ தில்லுமுல்லு பண்ணிருக்கான்” என்றான் விக்னேஸ்வரன், உடன் வேலை பார்க்கும் புனிதாவிடம்.

“சும்மா சந்தேகப்படாதீங்கண்ணே. நச்சு இருக்கான்னு பாருங்க லா.”

கிருமி கக்கும் நச்சைத் தேடினான். இல்லை. அப்படியானால் வயிறு எதனால் போகிறது? மனம் கேட்காமல் வார்டுக்கே போனான்.

சதாசிவத்தின் மனைவி நல்லம்மாள் பிளாஸ்க்கிலிருந்து அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரன் கோப்பையை வாங்கி மோந்தான். விளக்கெண்ணெய்.

“என்னம்மா இது?”

“பேதிக்குத்தான் தம்பி. படுத்தே கெடந்து வயிறு கட்டிக்கிச்சு. எஸ்டேட்ல எங்களுக்கு இதான் மருந்து. இவங்க மாத்திரைய யாரு நம்புறது லா?”

“வயிறு போன பெறகும் குடுத்தீங்களா?”

“கெட்டதெல்லாம் வெளிய போகுதுன்னு நெனச்சேன்.”

டாக்டரிடம் ஓடினான். கிருமி குடலில் துளியளவு சும்மா குடியிருக்கிறது, புது எந்திரம் அதையும் பிடித்துவிட்டது, வயிற்றைக் கலக்கியது எண்ணெய்தான் என்றார் டாக்டர். எண்ணெயை நிறுத்தி, காலைக்குள் வயிறு அடங்கினால் கல்யாணத்துக்குப் போகலாம். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அவன் வந்து சொன்னதும் நல்லம்மாளின் முகம் சுண்டிப்போனது. “அப்ப எம்மேலதான் தப்பா?”

விக்னேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. எந்திரத்தைச் சந்தேகப்பட்டான், விற்பவனைச் சந்தேகப்பட்டான். “இங்க யாரும் உங்கள ஒரு வார்த்தை கேக்கலம்மா. நானும்தான்.”

காலையில் வயிறு அடங்கியிருந்தது. வேனில் ஏறுமுன் நல்லம்மாள் பிளாஸ்க்கை அவன் கையில் திணித்தாள்.

“இத நீங்களே வச்சுக்கங்க தம்பி. கல்யாணம் முடியிற வரைக்கும் என்னைய நம்பாதீங்க.”