மூன்றில் ஒரு பல்பு எரியாதபோது

அன்று நிலத்தில் நானும் அண்ணியும்தான் இருந்தோம். அப்பாவும் அண்ணனும் உரம் வாங்கத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தார்கள்.

கரண்ட் மூன்று பேஸிலும் வருகிறதா என்று பார்க்க, எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மோட்டார் கொட்டகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பல்புகள் மாட்டியிருப்போம். அன்று நீலம் எரியவில்லை. கடலையோ பூவோடு வாடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு எரியலியே தம்பி, மோட்டார் போடலாமா?" என்றார் அண்ணி.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பி.யூ.சி. வரை படித்தவன் நான். "பல்பு போயிருக்கும் அண்ணி. அதுக்கும் மோட்டாருக்கும் இன்னா சம்பந்தம்?" என்று ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

மோட்டார் சுற்றாமல் உர்ரென்று உறுமியது. கருகல் வாடை வந்தது. கடன் வாங்கிப் போட்ட மோட்டார்! நான் திகைத்து நிற்க, அண்ணி பாய்ந்து மெயினை இறக்கிவிட்டார்.

சாயங்காலம் வயர்மேன் வந்து பார்த்தார். "பல்பு நல்லாத்தான்பா கீது. அந்த லைனுக்குப் பியூஸ் போயிருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா மோட்டார் காயிலே எரிஞ்சிருக்கும்."

"படிச்ச புள்ள போட்டதால மோட்டார் வெறும் வாடையோட உட்டுச்சு" என்று அண்ணி சிரித்தார்.

இப்போதெல்லாம் ஒரு பல்பு எரியாவிட்டாலும் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை. மெயினை அணைத்துவிட்டு, எரிகிற பல்பை அந்த இடத்தில் மாட்டி, மறுபடி மெயினைப் போட்டுப் பார்ப்பேன். அதுவும் எரியாவிட்டால் வயர்மேனிடம் ஓடுவேன்.

வயர்மேன் பியூஸ் போட்டதும் அன்றே கடலைக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது. பியூஸ் கம்பி, வயர்மேன் கூலி, அவருக்கு வாங்கித் தந்த டீ எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஐந்தே கால் ரூபாய்.