தேதிக்கு நடுவில் ஒரு சாய்கோடு

போன வாரம் கிளிஞ்சல்மேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் காமிரா வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கம்பிகளெல்லாம் வந்து சேரும் சுவிட்ச், சுவரில் உயரத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஏணி போட்டு ஏறி மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. உப்பில் ஊறிய செம்பும் தூசியும் கொஞ்சம் கருகிய பிளாஸ்டிக்கும் சேர்ந்த வாசனை. பெங்களூரில் ஏசி அறைக்குள் இதே தொழில் பார்க்கும் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காரைக்காலில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் மூக்கைத்தான் உபயோகிப்பேன். கடற்காற்று தின்ற இணைப்புகளைப் பாதிக்குமேல் அதுவே கண்டுபிடித்துவிடும். மிச்சத்துக்குத்தான் மூளை வேண்டும். அது எனக்கு அளவாகத்தான் வாய்த்திருக்கிறது.

ஏணியில் நின்றபடியே சவரிமுத்து சாரின் அச்சகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கீழே ஒருவர் “என்னங்க, சரியாயிடுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கே இல்லை.

அந்த அச்சகத்திலும் இதே வாசனை உண்டு. ஆனால் மண்ணெண்ணெயும் மையும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மாதா கோயில் பக்கத்துத் தெருவில், முன்பக்கம் கண்ணாடிக் கதவும் பின்பக்கம் ஓட்டுக் கூரையுமாக ஒரு நீளக் கட்டடம். கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, நினைவஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அங்கே அச்சாகும். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் திரை இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் சர்வர். எல்லாருடைய ஃபைல்களும் அதில் ‘பொது’ என்ற ஒரே இடத்தில் இருந்தன. அதில் லினக்ஸ் போட்டு வைத்தது நான்தான். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொன்னதும் சவரிமுத்து சாருக்கு என்மேல் மரியாதை வந்தது.

இரண்டு பேர் அந்த சர்வரை நம்பிப் பிழைத்தார்கள். ஒருவர் முருகையன் அண்ணன். ஐம்பதை நெருங்கியவர். பில் போடுவது, பிரிண்ட் எடுத்து மிஷினுக்கு அனுப்புவது, மாலையில் எல்லாவற்றையும் அணைத்துக் கதவைப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் இருந்தது விண்டோஸ். இன்னொருவர் பிலோமினா, டிசைன் செய்பவர். அவரிடம் இருந்தது மேக்.

காரைக்காலில் ஒரு சின்ன அச்சகத்தில் மேக் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பிலோமினாவின் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து பாரீஸ் பக்கம் போய்விட்டார். தான் உபயோகித்த மேக்கை ஒரு தடவை ஊருக்கு வரும்போது தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை அச்சகத்துக்கே எடுத்துவந்து வைத்துக்கொண்டார். கீபோர்டு பிரெஞ்சு கீபோர்டு. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், க்யூ இடத்தில் ஏ இருக்கும். பிலோமினாவின் விரல் அதற்குப் பழகிவிட்டது. அதனால் அவர் முருகையன் அண்ணனின் மிஷினில் எப்போதாவது அடித்தால் அந்தோணி க்யூந்தோணி ஆகிவிடுவார். அண்ணன் அந்த க்யூவைத் திருத்திக்கொண்டே, “உங்க அண்ணன் பாரீஸ்ல இதைத்தான் படிச்சாராம்மா?” என்பார். பிலோமினா சிரிப்பார். நல்ல நாட்கள்தான் அவை.

கோளாறு ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. மாலையில் பிலோமினா ஒரு பத்திரிகையை முடித்து சர்வரில் போட்டுவிட்டு பட்டினச்சேரிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். காலையில் முருகையன் அண்ணன் தேடினால் இருக்காது.

“நேத்து போட்டேன் அண்ணே.”

“இல்லைம்மா. நீயே வந்து பாரு.”

பிலோமினா நேராக சர்வரில்தான் சேமிப்பார். தன் மிஷினிலிருந்து ‘பொது’வைத் திறந்து பார்ப்பார். அங்கேயும் இருக்காது. திரும்ப முதலிலிருந்து செய்வார். எல்லா ஃபைலும் இப்படிக் காணாமல் போகவில்லை. சிலது இருக்கும், சிலது இருக்காது. அதனால்தான் சந்தேகம் வளர்ந்தது. எல்லாமே போயிருந்தால் மிஷினைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்.

பத்திரிகை நேரத்துக்குக் கிடைக்காத பெண் வீட்டுக்காரர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டுப் போன அன்று சவரிமுத்து சார் எனக்கு போன் செய்தார். அச்சகத்துக்கு வரச் சொல்லவில்லை. தருமபுரத்தில் என் வீட்டுக்கே வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சொன்னார்.

“தம்பி, நாகூர்ல ஒருத்தன் புதுசா பிரஸ் போட்டிருக்கான். இந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்கான்னு கேள்விப்பட்டேன். இங்க வேலையை முடிக்கிறா, நெட்ல அங்க அனுப்பிட்டு இங்க இருக்கறதை அழிச்சிடறா. வேற எப்படிப் போகும்?”

“அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?”

“கேட்டா இல்லைன்னுதான சொல்லும். நீங்க ஒரு ஃபயர்வால் வச்சுடுங்க. என்ன வெளிய போவுதுன்னு எனக்குத் தெரியணும்.”

ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல்காரன். யார் போகலாம், யார் வரலாம், எந்தக் கதவு வழியாக என்று நாம் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத கதவையெல்லாம் அவன் பூட்டிவிடுவான். நான் சொன்னதில் அன்று குறை இருந்திருக்கிறது. சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி சர்வரை அதற்குப் பின்னால் வைத்தேன். முருகையன் அண்ணனுக்கு சர்வர் தெரிந்தது, பிலோமினாவுக்குத் தெரியவில்லை. விண்டோஸ் ஒரு கதவு வழியாகப் போய்க் கேட்கும், அந்தப் பழைய மேக் வேறு கதவைத் தட்டும் என்பது ஏணி போட்டுக் கம்பி இழுத்த அவசரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். அதற்குள் சவரிமுத்து சாரின் மெயில் நின்றுபோயிற்று. திருடனைப் பிடிக்கக் காவல் வைத்தவரையே பாதி நாள் வெளியில் நிறுத்தியிருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காவல் இவ்வளவு பலமாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டார்.

பிலோமினா பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது என்னாங்க சார்?” என்று கேட்டார்.

“வைரஸ் வராம இருக்கறதுக்குங்க.”

அதுவும் பொய்யில்லை. நிஜக் காரணத்தை சார் முருகையன் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

சில நாள் கழித்து சவரிமுத்து சார் என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, ஃபயர்வால் எழுதிவைத்த குறிப்பைத் திரையில் காட்டினார். மேக்கிலிருந்து ஒரு முகவரிக்குத் திரும்பத் திரும்ப ஏதோ போயிருந்தது. முகவரியின் கடைசியில் பிரான்சின் அடையாளம் இருந்தது.

“பார்த்தீங்களா? அண்ணன்காரனுக்கு அனுப்பறா. அவன் மூலமா சுத்தி வருது.”

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. பிறகு போன அளவைப் பார்த்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்துப் பூவைக்கூட அவ்வளவு சின்னதாக மடித்து அனுப்ப முடியாது.

“சார், இது கடிகாரம். அந்த மிஷினை பிரான்ஸ்ல செட் பண்ணியிருக்காங்க. இன்னும் அங்கதான் மணி கேட்டுக்கிட்டிருக்கு.”

“மணி கேக்குதா?”

“ஆமாங்க சார். சரியா மணி என்னான்னு.”

அவர் என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேனோ என்பதுபோல ஒரு பார்வை. மாதக் கடைசியில் பிலோமினாவை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். நிறுத்திய காரணத்தை ஊரில் யாராவது கேட்டால் மறைக்கப் போவதில்லை என்றும் சொன்னார். காரைக்கால் சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்து ஆயிற்று, உள்ளேயும் கொஞ்சம் பார்ப்போம் என்று முருகையன் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பிலோமினா அந்தப் பக்கம் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டெல்லா கல்யாணம் போட்டுட்டேன் அண்ணே. காலைல எடுத்துக்குங்க,” என்று குரல் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

அண்ணனின் திரையில் ‘பொது’ திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ஸ்டெல்லா என்று பெயர் இல்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் அலைக்கோடும் கலந்த ஒரு உளறல். கூடவே புள்ளியில் தொடங்கும் ஒரு குட்டி ஃபைல்.

“பாத்தியளா தம்பி? சொன்னா கேக்க மாட்டேங்குறீங்க. நீங்க பெட்டி வச்சும் வருது வைரஸ். நானும் தினம் கூட்டித் தள்ளிட்டுத்தான் பூட்டிட்டுப் போறேன்,” என்றார் அண்ணன். விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

“அண்ணே, கையை எடுங்க.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கதவருகே போன பிலோமினா நின்றார். நான் எழுந்து மேக்குக்குப் போனேன். அங்கே அதே ஃபைல் ஒழுங்காக இருந்தது. ஸ்டெல்லா, ஒரு இடைவெளி, கல்யாணத் தேதி. நாளுக்கும் மாதத்துக்கும் நடுவில் ஒரு சாய்கோடு.

விஷயம் இவ்வளவுதான். மேக் பெயருக்குள் சாய்கோட்டை ஒப்புக்கொள்ளும். விண்டோஸில் பெயருக்குள் அதற்கு இடமில்லை. நடுவில் துபாஷியாக நின்று மொழிபெயர்க்கும் சர்வர், சண்டை வேண்டாம் என்று விண்டோஸுக்குத் தானாக ஒரு பெயரை உண்டாக்கிக் கொடுத்துவிடும். கூட வந்த குட்டி ஃபைல், மேக் தன் குறிப்புக்காகப் போட்டுக்கொள்வது. பிலோமினா போட்டேன் என்றது உண்மை. அண்ணன் இல்லை என்றதும் உண்மை. சர்வரில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, அப்படியே போய்விடும்.

“பேர்ல தேதி எப்பேர்ந்து போடறீங்க?” என்று கேட்டேன்.

பிலோமினா தன் மேஜையிலிருந்து எழுந்து வந்திருந்த சவரிமுத்து சாரைப் பார்த்தார். “சார்தான் போடச் சொன்னாங்க. ரெண்டு ரெஜினா கல்யாணம் மாறிப்போச்சுல்ல, அப்பேர்ந்து.” சில நாள் சாய்கோடு போடுவாராம், அவசரத்தில் சில நாள் தேதி போட மறந்துவிடுவாராம். மறந்த ஃபைலெல்லாம் பிழைத்துக்கொண்டது.

முருகையன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப நான்தானா? அத்தனையும் நான்தான் அழிச்சேனா?” அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிலோமினாதான் முதலில் சிரித்தார். “விடுங்க அண்ணே, உங்களுக்கு என்னா தெரியும். நான் கூட எனக்குத்தான் மூளை கொழம்பிப் போச்சோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்.” அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சவரிமுத்து சார்கூட லேசாகத் தலையாட்டினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆறுதல் தாங்காமல் அண்ணன் பேசிக்கொண்டே போனார். “நல்ல வேளைம்மா. நீ நாகூருக்கு அனுப்புறியான்னு பாக்கப் பெட்டியெல்லாம் வாங்கி வச்சு, எத்தனை கஷ்டம்.”

பிலோமினா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கீழே கம்பியைப் பார்த்தேன். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போடச் சொன்னால் போதும். சரிசெய்ய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிலோமினா அழிந்துபோன வேலைகளையெல்லாம் திரும்பச் செய்து கொடுத்தார். ஸ்டெல்லா பத்திரிகை மிஷினுக்குப் போன மறுநாள் நான் ஏதோ வேலையாக அங்கே இருந்தேன். அவர் சவரிமுத்து சாரின் மேஜைக்கு வந்து, நாளையிலிருந்து வரவில்லை என்றார்.

“அதான் கண்டுபிடிச்சாச்சேம்மா. இன்னும் என்ன?” என்றார் சார்.

“மிஷின்ல இருந்ததை நீங்க கண்டுபிடிச்சீங்க சார். உங்க மனசுல இருந்ததை இப்பத்தான் நான் கண்டுபிடிச்சேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் மேக்கை ஆட்டோவில் ஏற்றும்போது திரையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். ஆட்டோ திரும்பும்வரை மழைத் தூறலில் நின்றார்.

பிலோமினா நாகூர் அச்சகத்துக்கும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் விசேஷங்களுக்கு அட்டை செய்து அனுப்பும் வேலை மெல்ல அவருக்குப் பிடிபட்டது. இப்போதும் செய்கிறார். மீன் கடையில் பார்த்தால் நின்று பேசுவார். அச்சகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முருகையன் அண்ணனை மட்டும் விசாரிப்பார்.

அச்சகத்தில் அதன் பிறகு விண்டோஸ் மட்டும்தான். புதிதாக வந்த டிசைனருக்கும் அதுவே. எல்லாம் ஒரே பாஷை பேசின. எனக்கு அங்கே வேலை குறைந்துபோயிற்று. போனபோதெல்லாம் ஒரே புகார்தான், சர்வரில் இடமில்லை என்று. முருகையன் அண்ணன் எதையும் அழிப்பதை விட்டுவிட்டார். பாதியில் நின்ற டிசைன், தவறுதலாக நான்கு தடவை சேமித்தது, நிஜமாகவே வைரஸ் கொண்டுவந்து போட்டது எல்லாம் அப்படியே இருக்கும். நான் கை வைக்கப் போனால், “இருக்கட்டும் தம்பி, யாரோடதோ” என்பார். நான் இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டு வருவேன்.

பிறகு எல்லாரும் போனிலேயே பத்திரிகை அனுப்பத் தொடங்கினார்கள். சார் அச்சகத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அச்சு மிஷினை ஒருவர் வாங்கினார், கட்டடத்தை இன்னொருவர் வாங்கினார். சர்வரைக் கேட்பாரில்லை. விஷயம் எனக்குத் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் பழைய இரும்புக்காரர் வந்துபோயிருந்தார். முருகையன் அண்ணன் அழிக்காமல் காத்த குப்பையும், பிலோமினா வரைந்த கல்யாணங்களும் ஒன்றாகவே எடைக்குப் போயிருந்தன.